இணைய மறுத்த காமிரா

தனியாக வசிக்கும் என் தாயார் ஒரு நாள் வாசற்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். அடுத்த வீட்டார் பார்க்கும் வரை அரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். அவர் சம்மதத்துடன் வாசலில் மாட்ட ஒரு கம்பியில்லாக் காமிரா வாங்கிப் போனேன். அதுவோ வைஃபையுடன் இணைய மறுத்தது! கடவுச்சொல் சரி, அதே இடத்தில் என் கைப்பேசி நன்றாக வேலை செய்தது.

காமிராவை ரூட்டரின் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். அப்போதும் இணையவில்லை. ஆகவே குற்றம் தூரத்தினுடையதும் அன்று, சுவரினுடையதும் அன்று. பின் எது?

எங்கள் ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அதிர்வெண்களில், இரு வேறு பெயர்களில் அலை பரப்புகிறது. அதாவது வினாடிக்குச் சுமார் 240 கோடி, 500 கோடி அதிர்வுகள். ஒளியின் வேகமான வினாடிக்கு 30 கோடி மீட்டரை இவற்றால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் 12.5 செ.மீ., 6 செ.மீ. என்று வரும். கைப்பேசி இரண்டையும் ஏற்கும். விலை குறைந்த காமிராக்கள் பலவும் முதலாவதை மட்டுமே ஏற்கும். நானோ 5-இன் பெயரைக் கொடுத்திருந்தேன்! கேட்கவே முடியாத குரலுக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

பெயரை மாற்றியதும் இணைந்தது. ஆனால் வாசலில் மாட்டியதும் படம் விட்டுவிட்டு வந்தது. ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. உலோகம் ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும் அல்லவா? ரூட்டரை பீரோவின் மேல் வைத்தேன். இப்போது அம்மா கோலம் போடுவது கல்லூரியிலிருந்தே தெரிகிறது.