மின்பிறப்பாக்கியை இடம்மாற்றல்: கிரான் பிரதேச ஊர்திகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்து கிரானை அடைவர். கோறளைப்பற்று தெற்குப் பிரதேசம் இவ்வூரின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. ஊருக்கு மேற்கே நீர்ப்பரப்பு. அதற்கப்பால் புலிபாய்ந்தகல், முறுத்தானை, குடும்பிமலை முதலிய இடங்கள். மாரிகாலத்தில் வெள்ளம் பெருகுங்கால் புலிபாய்ந்தகல் வீதி நீரில் அமிழ்ந்துவிடும். அப்பொழுது உழவு இயந்திரமே மக்களை ஏற்றிச் செல்லும். நீர் மேலும் உயர்ந்தால் தோணியன்றி வேறு வழியில்லை.

கார் நின்றுவிடும் நீரில் உழவு இயந்திரம் செல்வது எங்ஙனம்? சில்லுகளின் உயரம் ஒரு காரணம். மற்றொன்று பலராலும் நோக்கப்படாதது. டீசல் இயந்திரம் காற்றை அமுக்கி, அவ்வெப்பத்தாலேயே எரிபொருளை எரிப்பது. பொறிமுறைப் பம்பியுடைய பழைய வகைகள் ஒருமுறை இயங்கத் தொடங்கிய பின்னர் மின்னை வேண்டுவதில்லை. பெற்றோல் காரோ ஒவ்வோர் எரிதலுக்கும் மின்பொறியை வேண்டி நிற்பது. ஆதலின் அதன் மின்னுறுப்புகள் எவ்வுயரத்தில், எவ்விடத்தில் உள்ளன என்பது இப்பிரதேசத்தவருக்கு வெறும் பொழுதுபோக்கு வினாவன்று.

முற்காலக் கார்களில் மின்னைத் தந்தது டைனமோ. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் பிற்கால வகைகளில் இருந்த லூக்காஸ் சி 40 டைனமோ தரக்கூடிய உச்ச மின்னோட்டம் 22 அம்பியர் மட்டுமே. இயந்திரம் மெதுவாக இயங்கும்போது அது ஏறத்தாழ ஒன்றும் தராது. 1960இல் கிறைஸ்லர் நிறுவனம் வலியன்ற் காரில் ஆடலோட்ட மின்பிறப்பாக்கியைப் பொருத்தியது. வேலைத்தலங்களில் ‘ஓல்ட்டனேற்றர்’ எனப்படுவது இதுவே. இதில் ஆடலோட்டம் பிறந்து, சிலிக்கன் இருவாயிகளால் நேரோட்டமாக்கப்படுகின்றது. லூக்காஸ் 17 ஏசீஆர் வகை 36 அம்பியர் வரை தரும்.

நம் நாட்டில் இம்மாற்றம் பெரும்பாலும் தொழிற்சாலையில் நிகழாது வேலைத்தலத்திலேயே நிகழ்ந்தது. 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையும் பழைய கார்களின் ஆயுளை நீட்டின. மொறிஸ் உடலில் ஜப்பானிய இயந்திரத்தை ஏற்றுவோர் பலர். அங்ஙனம் ஏற்றும்போது மின்பிறப்பாக்கி திசைமாற்றித் தண்டிலோ உடற்சட்டத்திலோ முட்டும். அல்லது மிகத் தாழ்ந்த இடத்தில் அமைந்து நீரை அள்ளும். எனவே அதனை இடம்பெயர்க்க வேண்டியதாகின்றது.

முதலாவதாக, புதிய தாங்கியை இயந்திரத்திலேயே பொருத்தல் வேண்டும். காரின் உடலில் அன்று. இறப்பர் தாங்கிகளின் மேல் இயந்திரம் அசையும். உடலோ அவ்வாறு அசையாது. உடலில் பொருத்தினால் பட்டி ஒரு கணம் இறுகி, மறுகணம் தளரும். தாங்கி மெல்லிய தகடாயிருத்தலும் ஆகாது. அதிர்வில் வெடித்துவிடும். கப்பிகள் யாவும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்பதை நேரான மட்டப்பலகை ஒன்றை வைத்துப் பார்த்தல் நன்று.

அடுத்தது பட்டி கப்பியைத் தழுவும் கோணம். இதனையே பலரும் புறக்கணிக்கின்றனர். 14 வோல்ற்றில் 36 அம்பியர் என்பது ஏறத்தாழ 500 உவாற்று. மின்பிறப்பாக்கியின் திறன் பாதியளவே எனக் கொண்டால் பட்டி ஏறத்தாழ 1000 உவாற்றைக் கடத்தல் வேண்டும். பட்டியின் இறுகிய பக்க இழுவைக்கும் தளர்ந்த பக்க இழுவைக்குமிடையேயான விகிதம் தழுவற் கோணத்தோடு அடுக்குக்குறி முறையில் ஏறுவது. பயன்படு உராய்வுக் குணகம் 0.5 எனின், 180 பாகையில் அவ்விகிதம் 4.8, 120 பாகையில் 2.85. இதன் பொருள் யாது? அதே மின்னைப் பெறுவதற்குத் தளர்பக்கத்தில் இருக்கவேண்டிய இழுவை இருமடங்கிலும் சற்று மிகுகின்றது. பட்டியை அவ்வளவுக்கு இறுக்கினால் அதே பட்டியால் சுழலும் நீர்ப்பம்பியின் தாங்கி விரைவில் தேயும். இறுக்காவிடின் பட்டி வழுக்கிக் கிறீச்சிடும். நனைந்தால் இன்னும் மோசம். ஆகவே மின்பிறப்பாக்கியை உயர்த்துவோர், வேண்டுமிடத்து ஒரு வெற்றுக் கப்பியை இடையிற் சேர்த்துத் தழுவற் கோணத்தைக் காத்தல் வேண்டும்.

மூன்றாவது மின்கம்பி. இடமாற்றத்தால் கம்பி 2 மீற்றர் நீள்வதாகக் கொள்வோம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியாயின் 36 அம்பியரில் அந்நீளத்தில் மட்டும் 0.5 வோல்ற்று இழப்பாகும். 6 சதுர மில்லிமீற்றராயின் 0.2 வோல்ற்று. சீராக்கி தன் முனையிலேயே அழுத்தத்தை அளக்கும் வகையினதாயின் இவ்விழப்பை அது அறியாது. பற்றரி நாள்தோறும் சிறிது குறைவாகவே நிறையும். பின்னர் குற்றம் பற்றரியின் மேல் சுமத்தப்படும்!

மின்பிறப்பாக்கியைத் திருப்பி, கப்பி பின்னோக்க வைப்போர் ஒன்றை நினைத்தல் வேண்டும். எத்திசையிற் சுழன்றாலும் மின் பிறக்கும். ஆயினும் சாய்ந்த அலகுடைய விசிறி ஒரு திசையிலேதான் நன்கு குளிர்விக்கும். புகைபோக்கிக் குழாயருகே வைத்தலும் தவறு. இருவாயிகள் வெப்பத்தைப் பொறா. பழைய ஆங்கிலக் கார்கள் பல நேர்முனையை உடலோடு இணைத்தவை. அவற்றில் முனைகளை மாற்றாது புதிய மின்பிறப்பாக்கியை இணைத்தால் இருவாயிகள் அக்கணமே அழியும்.

இனி நீரைப் பற்றி. மின்பிறப்பாக்கியின் வெளிவரு முனை எஞ்ஞான்றும் பற்றரியோடு இணைந்தேயிருப்பது. உவர்கலந்த வாவிநீர் அதனைச் சூழ்ந்தால் இயந்திரம் நின்ற பின்னரும் மின்பகுப்பு அரிப்புத் தொடரும். சேறு தூரிகைகளையும் வழுக்கு வளையங்களையும் தேய்க்கும். எனவே உயர்ந்த இடம் மிகப் பயனுடையது. எனினும் மின்பிறப்பாக்கியை மட்டும் உயர்த்திவிட்டு, பொறிப் பங்கீட்டியையும் காற்று உட்செல் வாயையும் பழைய இடத்திலேயே விடுதல் வீண்வேலை. 1959இல் வந்த மினி காரில் பொறிப் பங்கீட்டி முன்தட்டிக்குப் பின்னே அமைந்தமையால் வெறும் மழையிலேயே இயந்திரம் நின்றதுண்டு. காற்றுவாயில் நீர் புகுந்தாலோ நிலைமை வேறு. நீர் அமுங்காது, ஆதலின் இணைப்புத் தண்டு வளையும். டீசல் இயந்திரத்துக்கும் இதிலிருந்து விலக்கில்லை.

நீரைக் கடக்குமுன் விசிறிப்பட்டியைக் கழற்றுவது பழைய சாரதிகளின் வழக்கம். விசிறி நீரை வாரி மின்னுறுப்புகளின் மேல் வீசாதிருத்தற்கே அது. பட்டி கழன்றிருக்குமளவும் மின்பிறப்பாக்கியும் நீர்ப்பம்பியும் இயங்கா. விளக்குகளை அணைத்து, பற்றரியை நம்பி ஓட்டி, கரையேறியதும் உடனே பட்டியைப் பூட்டல் வேண்டும். இடம்மாற்றுவோர் தாங்கியை வடிவமைக்கும்போதே இப்பட்டியைக் கழற்றவும் பூட்டவும் கையும் சாவியும் நுழையுமளவு வெளி விடுதல் நன்று.