அச்சாரம் கொடுக்குமுன்

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாள்களில், காவலில் இருந்த இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் ஒரு நிலம் வாங்கினார். பதினேழு செக்கேல் வெள்ளியைச் சாட்சிகளின் முன் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, மண்பாண்டத்தில் வைத்துக் காக்கச் செய்தார். நிலம் வாங்குவோர் யாவரும் படிக்க வேண்டிய அதிகாரம் அது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் ஒரு மனை வாங்கிவிட வேண்டுமென்பது நம் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் ஆசை. நகையை அடகு வைத்தும், சேமநிதியிலிருந்து எடுத்தும் அச்சாரம் கொடுத்துவிடுகிறோம். மீதித் தொகையோ குறித்த நாளில் கைக்கு வருவதில்லை. வங்கிக் கடன் தாமதமாகிறது. தருவதாகச் சொன்ன உறவினர் கைவிரிக்கிறார். அப்போது கொடுத்த பணத்தின் கதி என்ன?

நமக்கு அருகிலேயே, போரூரை அடுத்த செட்டியார் அகரத்தில் எழுந்த வழக்கு ஒன்று இதற்குப் பாடமாகும். 1981 ஜனவரியில் அங்குள்ள நிலத்தை 3,75,000 ரூபாய்க்கு வாங்க ஓர் அம்மையார் ஒப்பந்தம் செய்தார். முன்பணம் 1 இலட்சம். எஞ்சியதை மே மாதத்திற்குள் தவணைகளாகச் செலுத்த வேண்டும். கெடு தவறலாகாது என்று ஒப்பந்தமே கூறிற்று. தவணை தவறியது, விற்பவர்கள் ஒப்பந்தத்தை முறித்தனர். மூலப்பத்திரங்களைக் காட்டாமையாலேயே பணத்தை நிறுத்தியதாக அம்மையார் வாதாடினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2011 ஜூலையில், உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. நிலமதிப்பு விரைந்தேறும் இக்காலத்தில், பணத்திற்குக் குறித்த கெடுவை எளிதாக எண்ணலாகாது என்பதை நீதியரசர் இரவீந்திரன் அத்தீர்ப்பில் வலியுறுத்தினார்.

சட்டம் கூறுவதைச் சுருங்கக் காண்போம். வாங்குபவர் பிழையால் ஒப்பந்தம் முறியுமாயின் அச்சாரத்தை அவர் இழக்க நேரிடும். ஆயினும் நியாயத்திற்கு மிஞ்சிய தண்டத்தை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஏற்பதில்லை. பிழை விற்பவருடையதாயின், கொடுத்த பணத்திற்கு அந்நிலமே பிணையாகும். இது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தரும் காவல். கிரயம் செய்து தருமாறு வழக்கிடுவோர், தாம் பணத்துடன் எந்நாளும் ஆயத்தமாய் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பணத்தைத் திரும்பப் பெறும் வேண்டுகோளையும் அவ்வழக்கிலேயே சேர்த்தல் நன்று. குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிடாவிடில் உரிமை போய்விடும். தமிழகத்தில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்த்த பின்னரே அச்சாரம் கொடுங்கள். கடன் கிடைக்காவிடில் பணம் திரும்ப வேண்டுமென்றால், அதனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கெடுவை நீட்டித்தால் அதையும் எழுத்தில் பெறுங்கள். பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்துங்கள்.

விற்பவர்க்கும் ஒரு சொல். பிறர் முடையைக் கண்டு, அச்சாரத்தைச் சுருட்டிக்கொள்வதற்கென்றே குறுகிய கெடு வைப்பது, சட்டத்திற்குத் தப்பினாலும் மனச்சான்றுக்குத் தப்பாது.

கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றார் நம் ஆண்டவர். மனை வாங்க விரும்புவோரும் இன்றிரவு கணவனும் மனைவியுமாக அமர்ந்து கணக்கிடட்டும். அச்சாரத்தை நாளை கொடுக்கலாம்.