மாட்டுக் கொட்டகைக்குக் கீற்று வேய்தல்

ஐப்பசி அடைமழையில் கொட்டகை ஒழுகினால் மாடு நனைவது மட்டுமே தீங்கு என்று நினைத்தல் கூடாது. சொட்டும் நீர் சாணத்தோடும் கோமூத்திரத்தோடும் கலந்து தரையைச் சேறாக்குகிறது. கறவைப் பசு அதில் படுக்கும்பொழுது காம்புத் துவாரத்தின் வழியே கிருமிகள் புகுந்து மடிநோயை விளைவிக்கின்றன. நோய் முற்றினால் அக்காம்பு பால் சுரவாமலே நின்றுவிடுதலும் உண்டு.

கூரை ஒழுகியதும் கீற்றைப் பழிப்பது நம்மவர் வழக்கம். பெரும்பாலும் குற்றம் கீற்றினுடையதன்று, வேய்ந்த முறையினுடையதே. தென்னங்கீற்று நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. சரிவில் வழிந்தோடச் செய்கிறது. எனவே சரிவு போதுமானதாக இருத்தல் வேண்டும். கொட்டகை 12 அடி அகலமானால், முகடு கூரையடியைவிட 5 அடியேனும் உயர்ந்திருப்பது நலம். மரச்செலவைக் குறைக்க எண்ணி முகட்டைத் தாழ்த்துவோர், மிச்சம் பிடித்ததைக் கீற்றுக்காரரிடமே கொடுத்துவிடுகின்றனர்.

மட்டையை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, சில நாட்கள் நீரில் ஊறவைத்த பின்னரே முடைதல் வேண்டும். ஊறிய ஓலை ஒடியாமல் வளையும். பூச்சிகள் விரும்பும் சாறும் ஓரளவு கரைந்து போகும். முடைந்தவற்றை நன்கு உலர்த்திய பின்னரே அடுக்கி வைக்கலாம். ஈரத்தோடு அடுக்கினால் கூரை ஏறுமுன்பே பூஞ்சணம் பிடித்துவிடும்.

வேய்தலை இறவாணத்திலிருந்து தொடங்கி முகடு நோக்கி ஏறுதல் வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையின்மீது படிந்தால்தான் நீர் ஓலைக்கு ஓலை தாவி வெளியே விழும். தார்த்தாள் ஒட்டுவோரும் ஓடு வேய்வோரும் கைக்கொள்ளும் விதியும் இதுவே. இறவாணத்தில் முதல் வரிசையை இரட்டையாக இடுக. மட்டைப்புறம் மேலாகவும் ஓலை நுனி கீழாகவும் அமைத்து, மட்டையை வரிச்சோடு தேங்காய்நார்க் கயிற்றால் இறுகக் கட்டுக. மாற்றி வைத்தால் மட்டை அணைபோல் நின்று நீரைத் தேக்கி அழுகும். எந்த இடத்திலும் மூன்று கீற்றுக் கனம் இருக்கும்படி வரிசைகளை நெருக்குதல் நன்று. ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்பிற்கு நேராக வரலாகாது.

பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. நம் கடற்கரை மாவட்டங்களில் பெருமழை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றோடு வருகிறது. கிழமேலாக முகடு ஓடும் கொட்டகையில் மேற்குக் கோடியிலிருந்து கீற்று வைத்துக் கிழக்கு நோக்கி வருக. அப்பொழுது பக்கவாட்டில் மேலே படியும் ஓரம் காற்றிற்கு முதுகு காட்டும். சாரல் இடுக்கில் நுழையாது.

முகடே மிகவும் பலவீனமான இடம். இருபுறமும் வந்து முடியும் வரிசைகளின்மேல் கீற்றுகளைக் குறுக்கே மடித்துப் போர்த்தி, இரு பக்கமும் மூங்கிற் கழியிட்டுப் பிணைத்தல் வேண்டும். பனையோலை கிடைக்குமாயின் முகட்டிற்கு அதுவே மேல். தென்னையினும் நெடுநாள் உழைக்கும். புயல் அஞ்சும் ஊர்களில் கூரைமேல் கயிற்றை வலைபோல் போட்டு, முனைகளைத் தரையில் அடித்த முளைகளில் கட்டுவது பழைய பழக்கம். புரட்டாசி முடிவதற்குள் இவ்வேலை யாவும் முடிந்துவிடல் வேண்டும்.

தகரம் நெடுங்காலம் உழைக்கும் என்பது மெய்யே. ஆயினும் சித்திரை வெயிலில் அதனடியில் நிற்கும் கலப்பினப் பசு இரைத்துத் தீனியைக் குறைப்பதைக் கண்டவர் கீற்றை எளிதில் கைவிடார்.

தீயைப் பற்றி மட்டும் எவ்வளவு கூறினும் மிகையாகாது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக் கீற்றைப் பற்றியதில் 94 குழந்தைகள் மாண்டனர். கொசுவை ஓட்ட மாலையில் மூட்டம் போடும் வீடுகளில், அதைக் கொட்டகைக்குள் வைக்காமல், வெளியே எட்டத் தள்ளி, பழம்பானைக்குள் வைத்து, உறங்கப் போகுமுன் நீரூற்றி அவித்தல் வேண்டும். வைக்கோற்போரும் அடுப்பும் கொட்டகையை ஒட்டி இருத்தல் ஆகாது. மாடுகளை உடனே அவிழ்த்துவிடத்தக்க சுருக்கு முடிச்சிலேயே கட்டுக.

பிரித்தெடுக்கும் பழங்கீற்றை எரித்துவிடாமல் எருக்குழியில் சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு வைத்தால், மட்டை நீங்கலாக மற்றவை மக்கி நல்ல எருவாகும்.