திரை சின்னசேலத்தில், கணினி சிறுசேரியில்

2020 மார்ச் மூன்றாவது வாரம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஐ.டி. வளாகங்களின் வாசலில் அதுவரை யாரும் பார்த்திராத காட்சி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு கையில் மானிட்டரையும் மறு கையில் சி.பி.யூ. பெட்டியையும் அணைத்துக்கொண்டு ஊழியர்கள் வெளியே வந்தார்கள். சாதாரண நாளில் இது நடக்கவே நடக்காது. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் வரிச்சலுகையில் வாங்கிய கணினி, கேட்டைத் தாண்டுவதற்கே அன்று அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் சேவை நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதியை மத்திய தொலைத்தொடர்புத் துறை மார்ச் 13-ம் தேதிதான் தளர்த்தியிருந்தது. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு.

வாடகை அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய இளைஞர்களில் ஒரு பகுதியினர் உளுந்தூர்பேட்டையில் திரும்பி, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகச் சின்னசேலம், ஆத்தூர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் ஒரு வகை. ஒரு மடிக்கணினியை மட்டும் முதுகில் மாட்டி வந்தவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினரில் பலருக்கு ‘ஆபீஸ் சிஸ்டம்’ சென்னையை விட்டு அசையவே இல்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லாகின் செய்தால், தரவு மையத்தில் இருக்கும் சர்வருக்குள் அவர்களுக்கென்று ஒரு விண்டோஸ் விழித்துக்கொள்ளும். கம்பி வழியே போவது விசைத்தட்டலும் மவுஸ் அசைவும். திரும்பி வருவது திரையின் படம். கோப்பு எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. துறைக்காரர்கள் இதை ‘வி.டி.ஐ.’ என்பார்கள். தமிழில் மெய்நிகர் மேசைக்கணினி எனலாம்.

இந்த யோசனைக்குச் சென்னையில் ஒரு முன்கதை உண்டு. 2000-களின் நடுவில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, மும்பைத் தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனர் ரே ஸ்டாட்டா ஆகிய மூவரும் சேர்ந்து நொவேட்டியம் என்ற நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார்கள். வீட்டில் ஒரு மலிவான சிறு பெட்டி, மூளை முழுக்கத் தொலைதூர சர்வரில், மாதச் சந்தா. கணக்கு சரியாகத்தான் இருந்தது, காலம்தான் சரியில்லை. அன்றைய வீட்டு இணைய இணைப்பு அதைத் தாங்கவில்லை. தாங்கும் அளவுக்கு இணைப்பு வளர்ந்தபோது மக்கள் கையில் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது.

வீட்டில் தோற்றது பெரிய அலுவலகங்களில் பிழைத்தது. அங்கே அதற்கு வேறொரு எதிரி காத்திருந்தது: காலை ஒன்பது மணி.

ஆயிரம் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் ஆயிரம் கணினிகள் தனித்தனியாக இருந்தால், ஆயிரம் வட்டுகள் தனித்தனியாகச் சுழலும். எல்லாவற்றையும் சர்வருக்குள் கொண்டுபோனபின், அத்தனை பேரும் ஷிஃப்ட் தொடங்கும் அரை மணி நேரத்துக்குள் ஒரே சேமிப்பகத்தின் மேல் விழுவார்கள். நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் அந்தக் காலத்து வேகமான வட்டு ஒன்று, விநாடிக்குச் சுமார் 180 கோரிக்கைகளைத்தான் கவனிக்கும். லாகின் நேரத்தில் ஒருவருக்கு விநாடிக்கு 50 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பேருக்கு 50,000. அதற்கு 270-க்கும் மேற்பட்ட வட்டுகள் தேவை. வாங்கியவர்கள் வாங்கியது அதில் பாதிகூட இருக்காது. விளைவு, காபி குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும் நீல வட்டம். இந்த நெரிசலுக்குப் ‘பூட் ஸ்டார்ம்’ என்று பெயர். ஆரம்ப கால வி.டி.ஐ. திட்டங்கள் பலவற்றின் பெயர் கெட்டது இந்த இடத்தில்தான்.

பழியை யார் மேல் போடுவது என்பது அடுத்த தலைவலி. சர்வர் ஒரு கம்பெனி, சேமிப்பகம் இன்னொன்று, நெட்வொர்க் ஸ்விட்ச் மூன்றாவது, மென்பொருள் நான்காவது. கல்யாணத்துக்குச் சமையல்காரர், பாத்திரக் கடை, பந்தல்காரர், மளிகை எல்லாவற்றையும் தனித்தனியே பேசி முடித்த வீட்டில், பந்தி தாமதமானால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்களே, அதே கதை. ‘மொத்த கான்ட்ராக்ட்’ என்று ஒருவர் வந்தால் பெண் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் அல்லவா? 2009 நவம்பரில் நெட்வொர்க் நிறுவனமான சிஸ்கோவும் சேமிப்பக நிறுவனமான இ.எம்.சி.யும் மெய்நிகர் மென்பொருள் நிறுவனமான வி.எம்.வேருடன் கைகோத்துக் கொண்டுவந்த ‘விபிளாக்’ அந்த மொத்த கான்ட்ராக்ட்தான். சர்வர், சேமிப்பகம், ஸ்விட்ச், மென்பொருள் எல்லாவற்றையும் ஆலையிலேயே ஒரே ரேக்கில் பொருத்தி, சோதித்து, இத்தனை பேருக்கு இது தாங்கும் என்ற கணக்கோடு அனுப்பினார்கள். மறு ஆண்டே நெட்ஆப்பும் சிஸ்கோவும் ‘ஃப்ளெக்ஸ்பாட்’ என்ற போட்டி வடிவமைப்பை இறக்கின. ‘கன்வெர்ஜ்டு இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்று விற்பனையாளர்கள் சொல்லும் ஒருங்கிணைந்த கட்டமைப்பு இதுதான்.

அதே 2009-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தீரஜ் பாண்டே, மோஹித் ஆரோன், அஜீத் சிங் என்ற மூன்று இந்தியர்கள் இன்னும் ஒரு படி தாண்டினார்கள். தனிச் சேமிப்பகமே எதற்கு? ஒவ்வொரு சர்வரிலும் உள்ள வட்டுகளை மென்பொருளால் பிணைத்து ஒன்றாக்கிவிட்டால் போயிற்று. கூகுளில் அத்தகைய கோப்பு முறைமையில் வேலை பார்த்தவர் ஆரோன். அவர்கள் தொடங்கிய நியூட்டானிக்ஸின் ஆரம்ப காலத்தைத் தூக்கி நிறுத்திய வியாபாரங்களில் வி.டி.ஐ. முக்கியமானது. காரணம் எளிது: 300 பேர் கூடினால் இன்னும் சில சர்வர்களைச் செருகினால் போதும். ஃப்ளாஷ் சேமிப்பு மலிவானதும் பூட் ஸ்டார்ம் பூதம் பெருமளவு அடங்கியது. இத்தனை ஆண்டுப் பிரச்சினையை மேலாண்மைத் தத்துவம் எதுவும் தீர்க்கவில்லை, சுழலாத வட்டுதான் தீர்த்தது என்று சொன்னால் விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கோபம் வரலாம்.

மீண்டும் ஊரடங்குக் காலத்துக்கு வருவோம். டி.சி.எஸ். நிறுவனத்தில் 2020 மார்ச் இறுதியில் சுமார் 4.48 லட்சம் ஊழியர்கள். சில வாரங்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரை வீட்டிலிருந்தே வேலைக்கு இணைத்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. எல்லோருக்கும் மெய்நிகர் கணினி இல்லை. மடிக்கணினி, வீட்டுக்கு அனுப்பிய பெட்டி எனக் கலவைதான். ஆனாலும் வங்கி, காப்பீட்டு வாடிக்கையாளர்களின் தரவு வீட்டு வட்டில் இறங்கக்கூடாது என்ற நிபந்தனை உள்ள இடங்களில் வி.டி.ஐ. கைகொடுத்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில் எதிர்ப்பக்கமும் தெரிந்தது. சென்னையில் பிறந்து, சென்னையில் பெரும் ஊழியர் படையை வைத்திருக்கும் காக்னிசன்ட், ‘மேஸ்’ என்ற பிணைத்தொகை வைரஸ் தன் அமைப்புகளைத் தாக்கியதாக ஏப்ரல் 18-ம் தேதி ஒப்புக்கொண்டது. எது பாதிக்கப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்த வி.டி.ஐ. அமைப்பும், மடிக்கணினி தயார்செய்து கொடுக்கும் அமைப்பும் முடங்கின. அந்தக் காலாண்டில் 5 கோடி முதல் 7 கோடி டாலர் வரை பாதிப்பு இருக்கும் என்று நிறுவனமே மதிப்பிட்டது. ஆயிரம் மேசைகளில் சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் குவித்தால் பராமரிப்பவருக்கு வேலை குறையும். திருட வருபவருக்கும் குறையும்.

ஆனால் குவிப்பதில் உள்ள லாபத்தையும் மறைக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். தனிக் கணினி என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கையால் சரிசெய்ய வேண்டும். ஒரே மூலப் பிரதியிலிருந்து உயிர்பெறும் மெய்நிகர் கணினி என்றால், முந்தைய நாள் பிரதிக்குத் திரும்பி எல்லோரையும் மீண்டும் லாகின் செய்யச் சொல்லலாம்.

மொத்த கான்ட்ராக்ட்காரரே கைமாறினால் என்ன ஆகும்? 2014-ல் சிஸ்கோ, விபிளாக்கை விற்ற கூட்டு நிறுவனத்தில் தன் பங்கைப் 10 சதவீதமாகச் சுருக்கிக்கொண்டது. 2016-ல் இ.எம்.சி.யை டெல் விழுங்கியது. வி.எம்.வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கி, உரிம முறையையே மாற்றியது. அதன் மெய்நிகர் கணினிப் பிரிவு மறு ஆண்டு கே.கே.ஆர். முதலீட்டு நிறுவனத்துக்குப் போய் ‘ஆம்னிஸா’ ஆனது. ரேக் அதே இடத்தில் நிற்க, அதன் மேல் ஒட்டியிருந்த பெயர்கள்தான் ஊர் மாறின. புதுப்பித்தல் கட்டண நோட்டீஸ் வந்தபோதுதான் பல நிறுவனங்களுக்கு, ஒரே கதவைத் தட்டும் வசதிக்கு ஒரே கதவில் மாட்டிக்கொள்வதும் விலை என்று உறைத்தது.

சின்னசேலத்துக்கு இதனால் என்ன? சென்னை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு போதும். போய்த் திரும்ப மூன்று மில்லி விநாடிகூட ஆகாது. தட்டிய எழுத்து திரையில் விழ நூறு மில்லி விநாடி ஆனாலும் விரல் பொறுத்துக்கொள்ளும். ஆகவே தூரம் தடையில்லை. தடை கடைசிப் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. மழையில் அறுபடும் கேபிள், மின்வெட்டில் அணையும் ரவுட்டர், மாலையில் ஊரே சினிமா பார்க்கும்போது நெரியும் இணைப்பு. மடிக்கணினியில் கோப்பு இருந்தால் லைன் போனாலும் அரை மணி நேரம் ஓட்டலாம். மெய்நிகர் கணினியில் லைன் போனால் திரையும் போயிற்று.

மேலே கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். வெள்ளிமலையைத் தாண்டினால் சிக்னல் தேடி மேடேற வேண்டிய ஊர்கள் உண்டு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் டான்ஃபிநெட் திட்டத்தின் பயனை அளக்க இந்த மலையைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. சின்னசேலத்துக்கு இரு பக்கமும் மினி டைடல் ஐ.டி. பூங்காக்கள் வந்துவிட்டன. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியில், சேலத்தில் அதே ஆண்டு செப்டம்பரில். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு நம்பகமான இரண்டு இணைப்புகளும் ஒரு நல்ல யு.பி.எஸ்.ஸும் இருந்தால், பாதிப் பூங்கா வந்த மாதிரி.

அரசு அலுவலகங்களும் மெய்நிகர் கணினியைக் கேட்கலாம். 2019 நவம்பரில் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் போன்ற புது மாவட்டத்துக்கு, தாலுகா தோறும் கணினி வாங்கிக் குவிப்பதைவிட இது சிக்கனமாகத் தெரியும். ஆனால் இ-சேவை கவுன்ட்டரில் திரை மட்டும் இல்லை. கைரேகைக் கருவி, ஸ்கேனர், பிரிண்டர், வெப்கேமரா எல்லாம் இங்கே மேசையில். அவற்றை இயக்க வேண்டிய விண்டோஸ் அங்கே சர்வரில். ஒவ்வொரு கருவியையும் தூரத்துக் கணினிக்கு இது உன்னுடையதுதான் என்று நம்ப வைக்க வேண்டும். சான்றிதழ் திரையில் வந்து, பிரிண்டரில் வராமல் நின்றால், மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு அன்றைய கூலி போயிற்று. விசைப்பலகையும் அப்படித்தான். ஒருவர் தமிழ்99-ல் அடிப்பார், பழைய தட்டச்சு பயின்ற ஊழியர் அந்த முறையில் அடிப்பார். இங்கே ஒரு முறையும் அங்கே ஒரு முறையும் அமைந்திருந்தால் ‘முருகன்’ என்று அடித்தது வேறெதுவாகவோ விழும். டெண்டர் விடும் முன், நாலு தாலுகா அலுவலகங்களில் நாலு வாரம் இந்தக் கருவிகளோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை ரேக் வேண்டும் என்ற கணக்குக்குப் போகலாம்.