ஆங்கில வசன அமைப்பு: முதலில் வினையை எண்ணுங்கள்

தனி வசனம், கூட்டு வசனம், கலப்பு வசனம் ஆகியவற்றின் வரைவிலக்கணத்தைக் கேட்டால் உங்களில் பலர் மூச்சு விடாமல் சொல்வீர்கள். ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே 'மை ஃபாதர் எ ஃபார்மர்' என்று எழுதிவிடுவீர்கள். சாதாரண தர ஆங்கிலத்தில் கடிதத்திலும் கட்டுரையிலும் சரியான வசனங்களை எழுதினால்தான் புள்ளி. (இங்கு ஆங்கில வசனங்களை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். உங்கள் கொப்பியில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்.)

மேலே சொன்ன பிழை ஏன் வருகிறது? தமிழில் 'என் அப்பா விவசாயி' என்பது குறையில்லாத வசனம். அதில் வினையே இல்லை. 'விவசாயி' என்ற பெயர்ச்சொல்லே பயனிலையாகிறது. ஆங்கிலத்தில் அது நடக்காது. வினைமுற்று ஒன்று இருந்தே ஆகவேண்டும். ஆகவே 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்'.

எழுவாயும் அப்படித்தான். 'நேற்று வந்தேன்' என்றால் வந்தது யார் என்பதை 'ஏன்' விகுதியே காட்டிவிடும். 'கேம் யெஸ்டர்டே' என்றால் வந்தது நானா, அவரா, மாமியா? 'கேம்' எல்லோருக்கும் ஒன்றுதான். ஆதலால் எழுவாயை எழுதியே தீரவேண்டும். 'நேற்றுக் கடும் குளிர்' என்பதற்குக்கூட 'இட் வாஸ் வெரி கோல்ட் யெஸ்டர்டே' என்று ஓர் 'இட்' போடுகிறார்கள்.

எழுவாயும் அதற்குரிய வினைமுற்றும் சேர்ந்ததை ஒரு சோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோடி இருந்தால் தனி வசனம். சம நிலையிலுள்ள இரண்டு சோடிகளை 'அன்ட்', 'பட்', 'ஓர்', 'ஸோ' இணைத்தால் கூட்டு வசனம். 'பிக்கோஸ்', 'ஓல்தோ', 'வென்', 'இஃப்', 'விச்' போன்ற சொல்லோடு ஒரு சோடி மற்றதில் தங்கி நின்றால் கலப்பு வசனம். நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'த ஓல்ட் மேன் வித் த பிளாக் அம்பிரெல்லா வென்ட் டு த மார்க்கெட் இன் த ரெயின்' தனி வசனம். 'ஐ ஸ்லெப்ட் வென் ஷீ லெஃப்ட்' ஐந்தே சொற்கள். ஆனாலும் கலப்பு வசனம்.

இனித்தான் புள்ளி குறையும் இடம். 'மழை பெய்தபடியால் நான் வரவில்லை' என்பதில் காரணத்தைக் காட்டும் 'படியால்' வினையின் பின்னால் ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'பிக்கோஸ்' காரணத்துக்கு முன்னால் நிற்கும். தமிழ் ஒழுங்கில் 'இட் வாஸ் ரெயினிங் பிக்கோஸ் ஐ டிட் நொட் கம்' என்று எழுதினால் இலக்கணம் சரி, கருத்துத் தலைகீழ்: நீங்கள் வராதபடியால்தான் மழை பெய்ததாம்! 'பிக்கோஸ் இட் வாஸ் ரெயினிங், ஐ டிட் நொட் கம்' என்பதே சரி. சோடிகளை இடம் மாற்றினாலும் 'பிக்கோஸ்' மழையோடுதான் போகும். காற்புள்ளி அப்போது தேவையில்லை.

இரண்டு சோடிகளுக்கு ஓர் இணைப்புச்சொல் போதும். 'ஓல்தோ' போட்ட பின் நடுவில் 'பட்' வேண்டாம். நான் திருத்தும் கொப்பிகளில் இந்த 'பட்' இல்லாத நாளே இல்லை.

அடுத்தது பெயரெச்சம். 'நேற்று நான் வாங்கிய பேனை எழுதாது.' இதைப் பலர் 'யெஸ்டர்டே ஐ போட் த பென் டஸ் நொட் றைட்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'வாங்கிய' பேனைக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் விளக்கம் பேனைக்குப் பின்னால் வரவேண்டும். முதலில் இரண்டாக எழுதுங்கள்: 'த பென் டஸ் நொட் றைட். ஐ போட் இட் யெஸ்டர்டே.' பிறகு 'இட்' ஐ நீக்கி, 'விச்' போட்டு, பேனைக்குப் பக்கத்தில் செருகுங்கள்: 'த பென் விச் ஐ போட் யெஸ்டர்டே டஸ் நொட் றைட்.' பரீட்சை மண்டபத்தில் சந்தேகம் வந்தால் இரண்டு தனி வசனங்களாகவே விட்டுவிடுங்கள். உடைந்த கலப்பு வசனத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பயிற்சி: ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை சோடி எனக் குறிக்குக.

1. என் அண்ணா தபாற்காரர்.
2. காய்ச்சல் வந்தபடியால் தங்கச்சி பாடசாலைக்குப் போகவில்லை.
3. நேற்று நாங்கள் பார்த்த வீடு மிகப் பெரியது.

முதலாவதில் 'இஸ்' ஐ மறந்தவர்கள் இரண்டாம் பந்தியிலிருந்து மீண்டும் வாசிக்கவும்.