உங்கள் போனை உளவு பார்ப்பது யார்? பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்!

"நேத்து மத்தியானம் எங்க போயிருந்த?"

யாரிடமும் சொல்லாமல் நீங்கள் போய் வந்த இடத்தின் பெயரைச் சொல்லி, வீட்டில் ஒருவர் இப்படிக் கேட்கிறார். இரண்டு நாள் கழித்து, தோழிக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விஷயம் அதே நபரின் வாயிலிருந்து அப்படியே வருகிறது. 'போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க' என்றுதான் முதலில் தோன்றும். எங்கோ இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆனால், பெரும்பாலும் அந்த ஆள் அவ்வளவு தூரத்தில் இல்லை. உங்கள் போனின் பின் நம்பர் தெரிந்தவராக, நீங்கள் குளிக்கப் போகும் நேரத்தில் அதைக் கையில் எடுக்கக்கூடியவராக இருக்கலாம்.

பெகாசஸ் வேறு, இது வேறு

உளவு மென்பொருள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெகாசஸ். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ நிறுவனம் தயாரித்த இந்த ஸ்பைவேர், எந்த லிங்க்கையும் தொடாமலேயே போனுக்குள் நுழையக்கூடியது. 2021 ஜூலையில் இந்தியப் பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகளின் எண்கள் இதன் பட்டியலில் இருந்ததாகச் செய்தி வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை விசாரிக்கத் தொழில்நுட்பக் குழுவை அமைத்தது.

தங்கள் மென்பொருளை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே விற்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. விலையும் அதற்கேற்ற விலை. இல்லத்தரசி, கல்லூரி மாணவி, கடை நடத்துபவர் என்று நம்மைப் போன்றவர்கள் பயப்பட வேண்டியது 'ஸ்டாக்கர்வேர்' எனப்படும் மலிவான வேவு ஆப்களுக்கு. 'பிள்ளைகளைப் பாதுகாக்க', 'ஊழியர்களைக் கண்காணிக்க' என்ற விளம்பரங்களோடு இவை இணையத்தில் விற்கப்படுகின்றன. போன் சில நிமிடங்கள் கையில் கிடைத்தால் போதும், வேலை முடிந்துவிடும்.

ஆப் கூட தேவையில்லை!

பல நேரங்களில் வேவு பார்க்க எந்த ஆப்பும் தேவைப்படுவதில்லை. உங்கள் போனில் இருக்கும் ஜிமெயில் ஐடியை உருவாக்கியது யார்? புது போன் வாங்கியபோது கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்ததா, கணவரா, அண்ணனா? பாஸ்வேர்டு அவர்களுக்கும் தெரியும் என்றால், அவர்கள் தங்கள் போனிலிருந்தே அந்தக் கணக்குக்குள் நுழையலாம். உங்கள் போட்டோக்கள், சேமித்த எண்கள், போன் இப்போது இருக்கும் இடம் எல்லாமே அங்கே தெரியும்.

அடுத்தது வாட்ஸ்அப். உங்கள் போனில் உள்ள 'லிங்க்டு டிவைசஸ்' மூலம் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டால், உங்கள் மெசேஜ்கள் வேறொரு கம்ப்யூட்டரிலும் விழுந்துகொண்டே இருக்கும். கூகுள் மேப்ஸில் 'லொகேஷன் ஷேரிங்' என்று ஒன்று இருக்கிறது. ஒருமுறை ஆன் செய்து, நிறுத்தும்வரை என்று வைத்துவிட்டால், நீங்கள் போகும் இடமெல்லாம் இன்னொருவர் திரையில் நகரும்.

கல்யாணப் பத்திரிகை வடிவில் வரும் வில்லன்

தெரியாதவர்கள் அனுப்பும் ஆபத்தும் உண்டு. வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்', 'பேங்க் கேஒய்சி' என்ற பெயர்களில் ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால், அது பத்திரிகையோ ரசீதோ அல்ல, ஆண்ட்ராய்டு ஆப். இன்ஸ்டால் செய்தால் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைப் படித்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள். அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருக்கலாம்.

10 நிமிடப் பரிசோதனை

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, போன் சூடாகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பழைய போன் என்றால் இரண்டும் நடக்கும். இவற்றைப் பாருங்கள். போனுக்குப் போன் பெயர்கள் கொஞ்சம் மாறலாம்.

1. கூகுள் கணக்கு: செட்டிங்ஸில் கூகுள், பிறகு செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பாருங்கள். உங்களுடையது அல்லாத போன், கம்ப்யூட்டர் இருக்கிறதா? மீட்பு எண்ணும் மெயிலும் உங்களுடையவைதானா?

2. வாட்ஸ்அப்: மூன்று புள்ளியைத் தொட்டு 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் நிம்மதி.

3. கைரேகை: பதிவான ரேகைகள் எத்தனை? நீங்கள் வைத்தது ஒன்று, இருப்பது இரண்டு என்றால் அந்த இரண்டாவது விரல் யாருடையது?

4. ஆக்சஸிபிலிட்டி: பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் போன்றோருக்காக வைக்கப்பட்ட வசதி இது. திரையில் இருப்பதைப் படிக்கவும், தானே பட்டனை அழுத்தவும் முடியும் என்பதால், வேவு ஆப்கள் முதலில் கேட்பது இந்த அனுமதியைத்தான். இங்கே 'சிஸ்டம் சர்வீஸ்', 'சிங்க்' போன்ற பொதுவான பெயரில் நீங்கள் போடாத ஆப் ஆன் ஆகியிருந்தால் சந்தேகப்படுங்கள். 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்', 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' ஆகிய பட்டியல்களையும் பாருங்கள்.

5. பிளே ப்ரொடெக்ட்: பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் இருக்கும். ஸ்டாக்கர்வேர் போடுபவர்கள் வழக்கமாக முதலில் அணைப்பது இதைத்தான். நீங்கள் அணைக்காமலேயே அணைந்திருந்தால் அதுவே ஒரு தடயம்.

6. கால் ஃபார்வர்டிங்: போன் ஆப்பின் கால் செட்டிங்ஸில் உங்கள் அழைப்புகள் தெரியாத எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூரியர் ஆள்போல் பேசி '*401#' போட்டு ஓர் எண்ணை அழுத்தச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 'சேஃப்டி செக்' என்ற வசதி ஐஓஎஸ் 16 முதல் இருக்கிறது. யார் யாரோடு எதையெல்லாம் பகிர்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டும்.

பைக்குள் ஒளிந்திருக்கும் பட்டன்

போன் சுத்தமாக இருந்தும் நீங்கள் போகுமிடம் தெரிகிறதா? அப்படியானால் தேட வேண்டியது ஹேண்ட்பேக்கை, வண்டியை!

சாவி, சூட்கேஸ் தொலையாமல் இருக்க ஆப்பிள் நிறுவனம் 2021-ல் அறிமுகப்படுத்தியது ஏர்டேக். சட்டைப் பட்டனைவிடப் பெரிது, அவ்வளவுதான். இதற்குள் ஜிபிஎஸ் கிடையாது. அருகில் கடந்து போகும் யாரோ ஒருவரின் ஐபோன், ப்ளூடூத் மூலம் இதைக் கண்டுகொண்டு, இருக்குமிடத்தை உரிமையாளருக்குச் சேர்த்துவிடும். கூட்டம் நிறைந்த நம் ஊர்களில் இது எவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாவியைத் தேடித் தரும் பொருளை ஒரு பெண்ணின் பைக்குள் போட்டால், அது அவரைத் தேடித் தரும்.

புகார்கள் எழுந்ததால் பாதுகாப்புகளும் வந்தன. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் இணைந்து பொதுவான எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தன. ஐஓஎஸ் 17.5, ஆண்ட்ராய்டு 6 மற்றும் அதற்குப் பிந்தைய போன்களில், உங்களுடையது அல்லாத டேக் உங்களோடு பயணித்தால் அறிவிப்பு வரும். ப்ளூடூத்தும் லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதியில் 'அன்நோன் டிராக்கர் அலர்ட்ஸ்' சென்று நீங்களே ஸ்கேன் செய்யலாம். உரிமையாளரை விட்டுப் பிரிந்த ஏர்டேக், 8 முதல் 24 மணி நேரத்துக்குள் நகர்த்தப்படும்போது ஒலி எழுப்பும். ஆனால், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வைப்பவர்களும் உண்டு.

சிம் கார்டு போட்ட ஜிபிஎஸ் கருவிகளை இந்த எச்சரிக்கை முறை பிடிக்காது. அவற்றைக் கையால்தான் தேட வேண்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், காரின் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டெப்னி இருக்கும் இடம், பம்பரின் உள்பக்கம், பையின் உள் தையல், குழந்தைக்குப் பரிசாக வந்த பொம்மை... எதையும் விடாதீர்கள். நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால் அவரிடம் காட்டுவது நல்லது.

கண்டுபிடித்த உடனே அழிக்காதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஆப்பை அழித்த அடுத்த நொடி, டேக்கின் பேட்டரியைக் கழற்றிய அடுத்த நொடி, எதிரில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அவர் அடிக்கக்கூடியவர், மிரட்டக்கூடியவர் என்றால் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். தவிர, அழித்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.

முதலில், ஆப்பின் பெயரும் அனுமதிகளும் தெரியும்படி வேறொரு போனில் போட்டோ எடுங்கள். ஏர்டேக் என்றால், என்எஃப்சி வசதியுள்ள போனை அதன் வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் சீரியல் எண்ணும், உரிமையாளரின் போன் எண்ணில் கடைசி 4 இலக்கங்களும் தெரியும். அதையும் படமெடுங்கள். உதவி கேட்பது, பாஸ்வேர்டு மாற்றுவது எல்லாவற்றையும் நம்பிக்கையானவரின் போனிலிருந்து செய்யுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யலாம். புது ஜிமெயில், புது பாஸ்வேர்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று ஆரம்பியுங்கள். பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்ற வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை, மின்னஞ்சலை, மின்னணுத் தகவல் தொடர்பை ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 ஆண்டுகள் வரையும், மீண்டும் செய்தால் 5 ஆண்டுகள் வரையும் சிறை, அபராதமும் உண்டு.

'கட்டின பொண்டாட்டி போனைப் பார்க்கக் கூடாதா?' என்ற கேள்விக்கு, 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பதில் சொன்னது. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்புப் பதிவுகளை ஏற்க மறுத்து, தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. சாட்சியமாக ஏற்பது ஒன்று, வேவு பார்க்க உரிமம் தருவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உதவிக்கு: பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்றங்களுக்கு 1930, அவசரத்துக்கு 112. அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

பிள்ளைகளைக் கண்காணிக்கலாமா?

ஸ்கூல் பையில் டேக் வைப்பதில் தவறில்லை, பிள்ளைக்குத் தெரிந்திருந்தால்! 'ஃபேமிலி லிங்க்' போன்ற வசதிகள் இயங்குவது பிள்ளையின் போனிலேயே தெரியும். ஒளிந்திருந்து பார்க்கும் ஆப்பைப் பதின்வயதுப் பிள்ளை கண்டுபிடித்தால் என்ன ஆகும்? அடுத்து ஏதாவது சிக்கலில் மாட்டும்போது, அதைச் சொல்ல வேண்டிய கடைசி ஆளாக உங்களை நினைக்கும். தவிர, அந்த ஆப் திரட்டும் போட்டோவும் மெசேஜும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேர்கின்றன.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, மேலே சொன்ன 10 நிமிடப் பரிசோதனையை உங்கள் போனில் செய்து பாருங்கள். அம்மாவின் போனிலும், அக்காவின் போனிலும் செய்து கொடுங்கள். அவர்கள் பாஸ்வேர்டு போடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்!