பாத்திரத்தில் பெயர் உண்டு, பெட்டகத்தில் இல்லை!

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு உண்டு. பழைய சாமான்கள் வாங்க விரும்புகிறவர்கள் வெளியூர்களில் இருந்தும், வெளிநாடுகளில் இருந்தும் தேடி வரும் தெரு அது.

அங்குள்ள கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. பர்மா தேக்குத் தூண்கள் சுவரில் சாய்ந்து நிற்கும். நிலையை இழந்த கதவுகள், கதவை இழந்த நிலைகள், பெல்ஜியம் கண்ணாடிகள், மங்குச் சாமான்கள், பித்தளை அண்டாக்கள், சாய்வு நாற்காலிகள், ரவிவர்மா படங்கள்... எல்லாம் குவிந்து கிடக்கும்.

"இது எந்த ஊர், யார் வீட்டுச் சாமான்?" என்று கேட்டால், பல பொருள்களுக்குப் பதில் கிடைக்காது.

ஒரு காலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும், ஒரு வேலையும் இருந்தன.

முகப்பு முதல் மூன்றாங்கட்டு வரை

செட்டிநாட்டு வீட்டின் முகப்பு ஆண்களின் இடம். கொடுக்கல் வாங்கல் பேச்செல்லாம் அங்கேதான். சாய்ந்த மூடி போட்ட கணக்குப் பெட்டியும் அங்கேதான் இருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்காகவே அதை உயரம் குறைவாகச் செய்தார்கள்.

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே பங்கு உண்டு. இரண்டாங்கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் சமையல்கட்டு.

கல்யாணம் என்றால் 'சாமான் பரப்புதல்' என்று ஒரு வழக்கம். பெண்ணுக்குத் தாய் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சீர்ச் சாமான்களை உறவினர் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். ஊசி நூல் முதல் அண்டா வரை அதில் இருக்கும். பிறகு அவை அறைக்குள் போய்ப் பூட்டப்படும்.

பர்மாவில் விழுந்த அடி

இந்த வீடுகளைக் கட்டிய பணம் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் செய்த தொழிலில் இருந்து வந்தது.

1930-ம் ஆண்டையொட்டி உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. நெல் விலை விழுந்தது. பர்மா விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலங்கள் செட்டியார்களிடம் வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் 1930-ல் 6 சதவீத நிலம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. பணமாக இருந்த சொத்து மண்ணாக மாறியது!

1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலங்களையும், 1963-ல் வங்கிகளையும் தேசிய உடைமை ஆக்கியது. வருமானம் நின்றது. வீடுகள் நின்றன.

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றுவதற்குக் கூட எல்லோரும் சேர்ந்து செலவு செய்ய வேண்டும். அது முடியாதபோது மழை உள்ளே இறங்கும். வீட்டைத் துண்டு போட்டுப் பிரிக்க முடியாது; ஆனால் தூணையும், கதவையும், கண்ணாடியையும் விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்ளலாம். அப்படித்தான் அவை கடைத்தெருவுக்கு வந்தன.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பளபளக்கும் சுவரை மட்டும் யாரும் தூக்கிப் போக முடியாது!

அறையையே வைத்தார்கள்

பழைய நாற்காலியைத் தனியாக வைத்தால் அது வெறும் நாற்காலி என்பதை அமெரிக்கர்கள் உணர்ந்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையில் 1924-ல் அமெரிக்கப் பகுதி திறக்கப்பட்டது. பழைய வீடுகளின் மரச் சுவர்களைக் கழற்றி வந்து, அறைகளாகவே பொருத்தி, அந்தக் காலத்து மேசை நாற்காலிகளை அவற்றுக்குள் வைத்தார்கள். டெலவேர் மாநிலத்தில் ஹென்றி பிரான்சிஸ் டூபான்ட் என்ற செல்வந்தர் தமது வின்டர்தூர் மாளிகையையே இத்தகைய அறைகளால் நிரப்பி, 1951-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான முயற்சி உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் அங்கே இருக்கிறது. தூண் எதைத் தாங்கியது, திண்ணை எதற்கு உதவியது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் புரிந்துகொள்ளலாம்.

மதுரைத் தூண்கள் சொல்லும் பாடம்

அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா காட்சிச்சாலையில் மதுரைத் தூண்களைக் கொண்ட மண்டபம் ஒன்று நிற்கிறது. அடலின் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1912-ல் மதுரைக்கு வந்தபோது விலைக்கு வாங்கிய கற்கள் அவை. அவருடைய மறைவுக்குப் பின் 1919-ல் காட்சிச்சாலைக்குச் சேர்ந்தன.

கற்கள் கடல் கடந்து விட்டன. அவற்றின் வரலாறு கூடவே போகவில்லை. நார்மன் பிரவுன் என்ற அறிஞர் மதுரைக்கு வந்து ஆராய வேண்டியிருந்தது. அவர் எழுதிய புத்தகம் 1940-ல் வெளிவந்தது. கல்லில் சிற்பம் இருந்ததால் ஆராய முடிந்தது. ஒரு நாற்காலிக்கு யார் ஆராய்வார்கள்?

செட்டிநாட்டில் சில மாளிகைகள் இன்று விருந்தினர் விடுதிகளாகப் பிழைத்திருக்கின்றன. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம் பெற்றன. ஆனால் எல்லா வீடுகளையும் விடுதியாக்க முடியாது. காட்சிச்சாலைக்கும் கொண்டுபோக முடியாது.

விற்கத்தான் வேண்டும் என்றால், விற்பதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாமான் இருந்த இடத்திலேயே ஒரு படம். ஊர், வீடு, கட்டு, உபயோகம் என்று நாலு வரி. ஒரு பிரதி வீட்டில்; ஒரு பிரதி சாமானோடு.

இது புது வழக்கமும் அல்ல. சீர்ப் பாத்திரங்களில் குடும்பத்து விலாசத்தைப் பெயராக வெட்டி வைத்தார்கள் ஆச்சிமார்கள். அதனால்தான், கடையில் கிடக்கும் அண்டா கூட இன்றைக்கும் தான் யார் வீட்டுச் சொத்து என்று சொல்கிறது.

பக்கத்திலிருக்கும் பெட்டகத்துக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.